பீரோவில் வைத்த நிகரகுவா சுருட்டு ஏன் கசந்தது?

கும்பகோணத்திலிருந்து ஒருவர் கேட்டிருக்கிறார். அமெரிக்காவில் இருக்கும் மைத்துனர் ஆவணியில் ஊருக்கு வந்தபோது மத்திய அமெரிக்காவில் உள்ள நிகரகுவா நாட்டிலிருந்து வந்த, பத்துச் சுருட்டு உள்ள பெட்டி ஒன்றைக் கொடுத்துவிட்டுப் போனாராம். ஐந்து வருடம் பழசாக்கிய இலை, விலை அதிகம், பத்திரம் என்று சொல்லியிருந்ததால் அதைப் பீரோவில் பட்டுப்புடவைகளுக்குப் பக்கத்தில் வைத்துப் பூட்டிவிட்டு, மார்கழி பிறந்த பிறகு ஒருநாள் காலைக் காபி முடிந்ததும் ஒன்றை எடுத்து மொட்டைமாடியில் பற்றவைத்திருக்கிறார். பெட்டியோடு வந்த சீட்டில் கோகோ, மிளகு, தோல், தேவதாரு என்றெல்லாம் எழுதியிருந்தது. வாயில் வந்தது கசப்பு, தொண்டையில் எரிச்சல், பாதியில் தலைசுற்றல். ரசித்துப் புகைப்பது எப்படி என்பதுதான் அவர் எழுதிய கேள்வி. ஆனால் படித்தால் உள்ளே இருப்பது வேறு: இந்த வாசனைப் பட்டியலெல்லாம் பணக்காரப் பாவனையா, இல்லை என் நாக்குதான் மட்டமா? இரண்டும் இல்லை என்று நினைக்கிறேன். எனக்குச் சந்தேகம் உங்கள் பீரோ மேல்தான்.

நான் யார் என்று சொல்லிவிடுகிறேன். எங்கள் வீடு வேதாரண்யம் பக்கம். அப்பா வாய்ப்புகையிலை போட்டவர், கொழுந்து கிள்ளுவதும் பக்கக்கன்று ஒடிப்பதும் பள்ளிக்கூடம் போகும் முன்னால் எங்களுக்கு இருந்த வேலை. பிறகு துபாயில் ஒரு சுருட்டுக் கடையில் பதினோரு வருடம் இருந்தேன், அதில் ஏழு வருடம் ஈரப்பதம் காக்கும் அறை என் பொறுப்பு. அந்த அறையில் வருகிற பெட்டியைத் திறப்பது, முகர்வது, வண்டு இருக்கிறதா என்று பார்ப்பது, வாடிக்கையாளரோடு உட்கார்ந்து புகைப்பது, இவ்வளவுதான் என் படிப்பு. இப்போது வயதாகிவிட்டது, மூக்கு முன்னைப்போல இல்லை. அதோடு நீங்கள் எழுதியதை வைத்துத்தான் பேசுகிறேன், சுருட்டு என் கையில் இல்லை. அதனால் சில இடத்தில் 'இருக்கலாம்' என்றுதான் சொல்வேன்.

முதலில் 'பழசாக்கியது' என்றால் என்ன? நம் ஊர்க்காரருக்கு இதை விளக்கக் கஷ்டப்பட வேண்டியதில்லை. புது நெல்லைக் குத்தி வடித்தால் சோறு குழையும், சில பேருக்கு வயிற்றையும் பிடுங்கும். அதே நெல் குதிரில் ஒரு வருடம் கிடந்தால் சோறு உதிரியாக வரும். பழம்புளியும் அப்படித்தான், புதுப்புளியின் பல்கூச்சம் போய் வேறு ஒரு ஆழம் வரும். புகையிலையிலும் பச்சைத்தனம் ஒன்று உண்டு, அது போக வேண்டும். இலையைப் பறித்து மரக்கொட்டகையில் ஒன்றரை, இரண்டு மாதம் தொங்கவிட்டு உலர்த்துவார்கள். பிறகு ஈரம் காட்டி ஆளுயரத்துக்கு அட்டியாக அடுக்குவார்கள். அட்டி தானாகவே சூடேறும், நடுவில் 50 டிகிரி செல்சியஸ் அளவுக்குக்கூடப் போகும், அப்போது பிரித்து உள்ளதை வெளியிலும் வெளியில் உள்ளதை உள்ளேயுமாக மாற்றி அடுக்க வேண்டும். எங்கள் அப்பா பாடம் போடும்போது ராத்திரி எழுந்து அட்டிக்குள் கையை விட்டுப் பார்ப்பார். நிகரகுவாவில் அந்த வேலைக்குத் தெர்மாமீட்டர் செருகியிருப்பார்கள், சங்கதி ஒன்றுதான். இந்தப் புழுக்கத்தில் இலையின் புரதம் உடைந்து அம்மோனியாவாக வெளியேறும். அட்டி பிரிக்கும் இடத்தில் நின்றால் கண்ணில் நீர் கட்டும். அந்த நெடி போகாத சுருட்டுதான் தொண்டையைச் சுணைக்கிறது. அதே சமயம் இலையில் உள்ள நிறமிகள் சிதைந்து பூ, உலர்பழம் மாதிரியான வாசனைகள் உண்டாகின்றன.

அதற்குப் பிறகு இலையைக் கட்டாகக் கட்டி வருடக்கணக்கில் போட்டுவைப்பதுதான் உங்கள் மைத்துனர் சொன்ன ஐந்து வருடமாக இருக்கும். இது இலைக்கு ஏறிய வயது, சுருட்டியதற்கு ஏறிய வயது இல்லை. சுருட்டிய பிறகும் தேவதாரு அறையில் சில வாரமோ சில மாதமோ வைப்பார்கள், உள்ளே உள்ள விதவிதமான இலைகளின் ஈரம் ஒன்றோடொன்று சமமாகும். சீட்டில் எழுதியிருப்பது இதில் எது என்று பார்க்க வேண்டும், ஏனென்றால் விஸ்கிப் பாட்டிலில் போடும் வயதுக்கு இருப்பது போலக் கறாரான சட்டம் சுருட்டுப் பெட்டிக்குக் கிடையாது. நல்ல குடும்பக் கம்பெனிகள் சொன்னால் நம்பலாம். 'பழமையானது' என்று மட்டும் போட்டு வருடமே சொல்லாத பெட்டியை நான் பெரிதாக எடுத்துக்கொள்வதில்லை.

நிகரகுவா ஏன் இவ்வளவு பேசப்படுகிறது என்பதற்கு மண்ணும் அரசியலும் காரணம். 1959 புரட்சிக்குப் பிறகு கியூபாவை விட்டு வெளியேறிய புகையிலைக் குடும்பங்கள் விதையையும் கைப்பழக்கத்தையும் எடுத்துக்கொண்டு இடம் தேடின. 1962இல் அமெரிக்கா கியூபாவுக்குத் தடை போட்டதும் அந்தத் தேடலுக்குச் சந்தையும் கிடைத்தது. நிகரகுவாவின் வடக்கே எஸ்தெலி என்ற ஊரில் 1968இல் முதல் தொழிற்சாலை வந்தது, இன்றைக்கு ஹோயா தே நிகரகுவா என்ற பெயரில் இருப்பது. மயாமியில் 1964இல் சுருட்டுக் கம்பெனி தொடங்கிய பத்ரோன் குடும்பம் 1970இல் அங்கே போனது. 1979 புரட்சியின் சண்டையில் எஸ்தெலி தரைமட்டமாகாத குறை, 1985இலிருந்து 1990 வரை அமெரிக்கத் தடை வேறு. இத்தனையையும் தாண்டித்தான் இன்றைய பெயர் வந்தது. மண் என்று பார்த்தால் எஸ்தெலியின் கறுப்பு எரிமலை மண் இலைக்குக் காரத்தையும் கனத்தையும் கொடுக்கும். ஹொண்டுராஸ் எல்லையை ஒட்டிய ஹலாபா பள்ளத்தாக்கில் செம்மண் கலந்த பூமி, அந்த இலை கொஞ்சம் இனிப்பு. இரண்டுக்கும் நடுவில் கொண்டேகா. ஏரிக்குள் இரண்டு எரிமலையோடு நிற்கும் ஒமெத்தெபே தீவு தனி ரகம், மண்வாசனை தூக்கலாக இருக்கும். கொள்ளிடப் படுகை வாழைக்கும் உள்பக்கத்துக் களிமண் வாழைக்கும் வித்தியாசம் தெரிந்தவர்கள் நாம், இதை நம்புவதில் சிரமம் இருக்காது. அதோடு ஒரே செடியிலும் அடியிலை நன்றாக எரியும், நடு இலை மணக்கும், வெயில் அதிகம் குடித்த நுனி இலை காரம். அந்தக் காரமான இலை மெதுவாக எரியும் என்பதால் அதைச் சுருட்டின் நட்ட நடுவில் வைப்பார்கள்.

சரி, இப்போது பீரோவுக்கு வருவோம். சுருட்டு ஒரு பஞ்சு மாதிரி, சுற்றியிருக்கும் ஈரத்தையும் வாசனையையும் இழுத்துக்கொள்ளும். அதற்கு வேண்டியது 65 முதல் 70 சதவீதம் ஈரப்பதம், 18 முதல் 21 டிகிரி சூடு. ஐப்பசியிலும் கார்த்திகையிலும் நம் வீட்டுக் காற்றின் ஈரம் 80, 90 சதவீதம், அப்பளம் நமத்துப்போகும் காலம். அந்த இரண்டு மாதமும் உங்கள் சுருட்டு பீரோவில் நனைந்துகொண்டுதான் இருந்திருக்கும். ஈரமான சுருட்டு சரியாக எரியாது, எரியாததால் நீங்கள் வேகவேகமாக இழுப்பீர்கள், இழுக்க இழுக்கச் சூடேறிக் கசக்கும். கசப்புக்கு இதுவே போதுமான காரணம். ஆனால் எனக்கு இன்னொரு கவலை, பட்டுப்புடவை இருக்கும் பீரோ என்றால் அந்துருண்டை இருக்குமே! ஒன்றை எடுத்துப் பற்றவைக்காமல் முகர்ந்து பாருங்கள், முகர்வதற்கு முன் ஒரு மணி நேரம் காபி, விபூதி, சென்ட் எதுவும் பக்கத்தில் வேண்டாம். அந்துருண்டை வாசனை துளி இருந்தாலும் மைத்துனர் முகத்தைப் பார்க்காமல் தூக்கி எறியுங்கள். அதை எரித்து வாய்க்குள் இழுக்கக் கூடாது. காற்றாட வைத்தால் போய்விடும் என்று சிலர் சொல்வார்கள், எனக்கு அப்படிப் போனதாக அனுபவம் இல்லை.

வாசனை சுத்தமாக இருந்தால் மீதி ஒன்பதையும் காப்பாற்றலாம். முதலில் வண்டு. மஞ்சள், மல்லி மூட்டைகளைத் துளைக்கும் அதே சின்னப் பழுப்பு வண்டுதான் சுருட்டையும் துளைக்கும், முட்டை இலையிலேயே வந்திருக்கக்கூடும், சூடு 24 டிகிரியைத் தாண்டினால் பொரிக்க ஆரம்பிக்கும். தஞ்சாவூர் ஜில்லாவில் ஏசி இல்லாத அறை என்றைக்கு 24 டிகிரியில் இருந்தது? சுருட்டில் குண்டூசி அளவு ஓட்டை, கீழே மாவு மாதிரித் தூள் இருக்கிறதா பாருங்கள். இல்லையென்றாலும் இரட்டைப் பிளாஸ்டிக் பையில் காற்றை அழுத்தி எடுத்துக் கட்டி, ஃப்ரீசரில் நாலைந்து நாள், அங்கிருந்து ஃப்ரிட்ஜின் கீழ்த்தட்டில் ஒரு நாள், அப்புறம் வெளியே, பையைத் திறக்காமல் இன்னொரு நாள். அவசரப்பட்டால் சுருட்டின் வெளியே சுற்றியிருக்கும் மேல் இலை வெடிக்கும். பிறகு காற்றுப் புகாத பிளாஸ்டிக் டப்பா ஒன்று, அதற்குள் ஈரத்தை ஏற்றவும் இறக்கவும் செய்யும் உப்புக்கரைசல் பொட்டலம், 65 என்று போட்டது இணையத்தில் கிடைக்கும். நம் சூட்டுக்கு 69ஐவிட 65தான் எனக்குச் சரிப்படுகிறது. டப்பாவை இதற்கு முன் ஊறுகாய்க்குப் பயன்படுத்தியிருக்கக் கூடாது என்று சொல்லத் தேவையில்லை, ஆனால் துபாயில் ஒருவர் அப்படிச் செய்து கொண்டுவந்தார், அதனால் சொல்கிறேன். இரண்டு மாதம் தொடாதீர்கள். ஈரம் இறங்க அவ்வளவு நாள் ஆகும். சும்மா ஃப்ரிட்ஜில் வைப்பது வேண்டாம், காயவும் காயும், மீன்குழம்பு வாசனையும் ஏறும்.

புகைக்கும் நாளில் வயிறு நிறைந்திருக்க வேண்டும். நீங்கள் வெறும் காபியோடு உட்கார்ந்ததுதான் தலைசுற்றலின் பாதிக் காரணம். சுருட்டுப் புகை சுண்ணாம்பு மாதிரிக் காரத்தன்மை உள்ளது, மிளகாய்க் காரத்தைச் சொல்லவில்லை, அதனால் உள்ளே இழுக்காமலேயே நிகோடின் வாய்த்தோல் வழியாக இரத்தத்தில் ஏறும். அது வேகமாக ஏறியதால்தான் அந்தக் கிறுகிறுப்பு, சுருட்டின் தரத்துக்கும் அதற்கும் சம்பந்தமில்லை. பக்கத்தில் கொஞ்சம் வெல்லமோ கடலை மிட்டாயோ இருக்கட்டும். காற்றடிக்கிற மொட்டைமாடி வேண்டாம், ஒருபக்கமாக எரிந்து ஓடும். ஃபேன் போடாத திண்ணை நல்லது. மூடிய முனையில் ஒரு தொப்பி ஒட்டியிருக்கும், அதில் நூலளவு, இரண்டு மில்லிமீட்டர், கூர்மையான வெட்டியால் ஒரே வெட்டு. வெட்டியதும் பற்றவைக்காமல் இரண்டு முறை இழுத்துப் பாருங்கள், வைக்கோலோ திராட்சை வற்றலோ மாதிரி ஒரு ருசி தெரியும், இது பலர் தாண்டிப் போகும் இடம். பிறகு பியூட்டேன் லைட்டர், இல்லையென்றால் நீளமான தீக்குச்சி, மருந்து எரிந்து முடிந்த பிறகு. பெட்ரோல் லைட்டர், மெழுகுவத்தி வேண்டாம். நெருப்பைத் தொடவிடாமல் கொஞ்சம் தள்ளிப்பிடித்து, அப்பளம் சுடுகிற மாதிரி சுற்றிச் சுற்றிக் காட்டி, விளிம்பு முழுக்கக் கனன்ற பிறகு வாயில் வையுங்கள்.

இழுப்பு நிமிடத்துக்கு ஒன்று, அதற்கு மேல் வேண்டாம். பீடி, சிகரெட் பழகியவர்கள் தோற்பது இந்த இடத்தில்தான். புகை வாய்க்குள் நிற்கட்டும், நெஞ்சுக்குப் போக வேண்டாம். சளி பிடித்தபோது ரசம் வெறும் புளித்தண்ணீராக இருக்குமே, ஞாபகப்படுத்திக்கொள்ளுங்கள். வாசனை தெரிவது மூக்கின் பின்பக்க வழியாக. அதனால் மூன்று நாலு இழுப்புக்கு ஒருமுறை, வாயில் இருக்கும் புகையில் முக்கால்வாசியை வெளியே விட்டுவிட்டு மிச்சக் கொஞ்சத்தை மூக்கு வழியாக மெல்ல விடுங்கள். முதல்முறை மிளகாய் வதக்கும் அடுப்படியில் நின்றது போலத் தும்மல் வரும். நிகரகுவா இலையின் 'மிளகு' என்று சீட்டில் எழுதியிருப்பது அதுதான், அதை நீங்கள் தப்பவிட்டிருக்க முடியாது, பெயர் மட்டும் தெரிந்திருக்காது. மூன்றில் ஒரு பங்கு எரிந்ததும் அது அடங்கும், நடுப்பகுதியில் இனிப்பும் வறுவலும் எழும். எனக்கு அந்த நடுப்பகுதிக்காகத்தான் முழுச் சுருட்டும். கடைசிப் பங்கு கனக்கும். இரண்டு விரல்கடை மிச்சம் இருக்கும்போதே வைத்துவிடுங்கள், காசு கொடுத்தது என்று கடைசிவரை இழுப்பவர்களுக்குக் கசப்பு மட்டும்தான் மிச்சம்.

இனி அந்தச் சீட்டு. கோகோ என்று எழுதியிருப்பதால் உள்ளே கோகோ போட்டார்கள் என்று அர்த்தமில்லை, இந்தத் தரச் சுருட்டில் வாசனை சேர்ப்பதில்லை. காபிக்கொட்டை, கோகோ, வேர்க்கடலை எதை வறுத்தாலும் பைரசின் என்ற குடும்பத்துப் பொருள்கள் உண்டாகும், புகையிலைப் புகையிலும் அவை இருக்கின்றன, அதனால் அந்த ஒப்புமை கற்பனை இல்லை. ஆனால் சீட்டை எழுதியவர் தன் வீட்டு அடுப்படியிலிருந்தும் தன் ஊர்க் கடைத்தெருவிலிருந்தும் வார்த்தை எடுத்திருக்கிறார். கோகோத் தூளோடு வளராதவருக்கு அந்த வார்த்தை எதையும் எழுப்பாது. துபாயில் எனக்கு மேலே இருந்த லெபனான்காரர் ஒரு சுருட்டை 'பழைய சேணம்' என்பார், எனக்கு ஒன்றும் பிடிபடாது. ஒருநாள் திடீரென்று, இது எங்கள் தாத்தா வீட்டு மாட்டுவண்டியின் தோல்வாரும் விளக்கெண்ணெயும் சேர்ந்த வாசனை என்று பட்டது. அன்றிலிருந்து அவர் சொன்னது எல்லாம் புரிய ஆரம்பித்தது. நீங்களும் ஒரு நோட்டை வைத்துக்கொண்டு உங்கள் வார்த்தையில் எழுதுங்கள்: வறுத்த மல்லி, கருப்பட்டி, குதிரைத் திறந்தபோது வரும் நெல் வாசனை, காபித்தூள் அரைக்கும் கடை வாசல், முதல் மழைக்கு மண், பரண், சீவல் டப்பா. பாதி தப்பாக இருந்தால் என்ன? பழசாக்கிய இலையில் இந்த வாசனைகள் ஒன்றன்மேல் ஒன்று ஏறாமல் வரிசையாக வரும், புது இலையில் காரம் எல்லாவற்றையும் அமுக்கிவிடும். இது ஒரு சுருட்டில் தெரியாது. சாதாரணச் சுருட்டு ஒன்றை வேறொரு நாள் இதே நிதானத்தில் புகைத்துவிட்டு இதற்கு வந்தால்தான் தெரியும். கூடவே குடிக்கத் தண்ணீரும் சர்க்கரை இல்லாத டிக்காஷனும் போதும். பால் நாக்கில் படலம் கட்டுகிறது என்பது என் அபிப்பிராயம், டிகிரி காபிக்காரர்கள் மன்னிக்கணும்.

சந்தேகமானவற்றையும் சொல்லிவிடுகிறேன். சாம்பல் நீளமாக நின்றால் உயர்ந்த சுருட்டு என்பார்கள். முழு இலையை ஒழுங்காக வைத்துச் சுருட்டியிருக்கிறார்கள் என்பதற்கு அது அடையாளம், ருசிக்கு அடையாளம் இல்லை. மேல் இலைதான் முக்கால்வாசி ருசி என்பது கடைக்காரர்கள் சொல்லும் கணக்கு, நாங்களும் சொல்லியிருக்கிறோம், அளந்து பார்த்துச் சொன்னதில்லை. பழைய சுருட்டின் மேல் படியும் வெள்ளைத் தூளை 'பூத்தது', நல்ல அறிகுறி என்று விற்றவர்களைப் பார்த்திருக்கிறேன். நான் அதைப் பூஞ்சை என்றே எடுத்துக்கொள்வேன், கும்பகோணத்து அடைமழைக்குப் பிறகு என்றால் யோசிக்கவே வேண்டாம். இன்னும் பத்து வருடம் வைத்தால் இன்னும் பிரமாதமாகும் என்று மைத்துனர் சொன்னாலும் கேட்காதீர்கள், ஏற்கெனவே பழசான இலை, காரமும் சேர்ந்து வடிந்துவிடும்.

சந்தேகமே இல்லாத ஒன்றும் உண்டு. பழசாக்கியதாலோ விலையாலோ புகையிலையின் கெடுதல் குறையாது. நெஞ்சுக்குள் இழுக்காவிட்டாலும் வாய், தொண்டை, உணவுக்குழாய்ப் புற்றுக்குச் சுருட்டு காரணமாகும். பெரிய சுருட்டு ஒன்றில் ஒரு சிகரெட் பாக்கெட் அளவு புகையிலைகூட இருக்கலாம். எங்கள் தெருவில் வாய்ப்புற்றில் போனவர்களை எனக்குத் தெரியும், பெரும்பாலும் எங்கள் வயலிலும் பக்கத்து வயலிலும் விளைந்த இலைதான். நான் இப்போது வருடத்துக்கு இரண்டு மூன்று புகைக்கிறேன், அதையும் நியாயப்படுத்த மாட்டேன். ஏற்கெனவே பழக்கமில்லாதவர் என்றால் இந்த ஒன்பதையும் யாருக்காவது கொடுத்துவிடுவதில் நஷ்டம் ஒன்றுமில்லை.

கடைசியில் கேட்டிருந்தீர்கள், உறையூர் சுருட்டுப் பழக்கமுள்ள மாமனாருக்கு ஒன்று கொடுக்கலாமா என்று. இத்தனை வயதில் அவர் நான் சொல்லி நிறுத்தப் போவதில்லை, கொடுங்கள். அவருக்கு இது சப்பென்று இருக்கும் என்றுதான் நினைக்கிறேன், அவர் நாக்கு திண்டுக்கல் இலையில் பழகியது, அந்தக் காரத்துக்கு முன்னால் இது நெய்ச்சோறு. அதை வைத்து அவருக்கு ரசனை இல்லை என்று முடிவு கட்டிவிடாதீர்கள், வெள்ளைக்காரன் 'செரூட்' என்று சொன்னதே நம் சுருட்டைத்தான். ஒன்றே ஒன்று, முனையை நீங்களே வெட்டிக் கொடுங்கள். விட்டால் கடித்துத் துப்புவார், மேல் இலை புடவைத் தலைப்பு மாதிரி அவிழ்ந்து வரும், அப்புறம் உங்கள் மைத்துனருக்குச் சுருட்டு வாங்கவே தெரியவில்லை என்று பொங்கல் வரைக்கும் சொல்லிக்கொண்டிருப்பார்.